சீட்டு யார் பேரில்

12 ஜூன், திங்கள்

காலை ஆறரைக்கு முதல் இலை வந்தது. மாரக்காள், 108 கிலோ. சாக்கை அமுக்கிக் கட்டாமல் தளர்வாகக் கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் மூட்டையைப் பிரித்தால் நடுவில் சூடேறி மஞ்சள் பூத்திருக்கிறது. முருங்கை இலை பறித்த பிறகும் மூச்சு விடுகிற சரக்கு, அமுக்காதீர்கள் என்று ஐம்பது தடவை சொல்லியாகிவிட்டது.

பத்து மணிக்கு வங்கி. புது உலர்த்தும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டு மூன்று மாதமாகிறது. மேலாளர் மரியாதையான ஆள். "மேடம், உங்க கூடம் யாரோட இடத்துல இருக்கு?" என்றார். சென்னியப்பன் அண்ணன் இடம், ஒன்பது வருடமாக இருக்கிறேன், எங்கள் பக்கத்தில் எல்லாம் வாய்ப்பேச்சுதான் என்றேன்.

"வாய்ப்பேச்சை நான் ஃபைல்ல வைக்க முடியாதுங்களே மேடம். பதிவு பண்ணின குத்தகைப் பத்திரம் கொண்டுவாங்க."

அவர் சொல்வதிலும் குறையில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஆடி பிறந்ததும் குத்தகைக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நிலத்துக்காரரிடம் நீட்ட வேண்டும். அவர் எடுத்துக்கொண்டால் இன்னொரு வருடம் உண்டு. எடுக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். ஒன்பது ஆடிக்கு நானும் நீட்டியிருக்கிறேன். ஒன்பது தடவையும் எடுத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் முருங்கைக்காய்க் கட்டு விற்ற துளசிமணி இன்று ஜெர்மனிக்கு முருங்கைப் பொடி அனுப்புகிறாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நிற்கிற தரை எனக்கு வெற்றிலைக் கணக்கில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

14 ஜூன், புதன்

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. காற்று இப்போதே தூக்குகிறது. இலை காயவைக்கிற வலைக்கூடத்தின் மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டினோம். அதற்குள் நாற்பது கிலோ இலையில் புழுதி. மாட்டுக்குப் போட்டேன்.

17 ஜூன், சனி

சென்னியப்பன் அண்ணன் திருப்பூரிலிருந்து காரில் வந்தார். அங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஊருக்கு வருவது கோயில் நோன்புக்கும் சாவுக்கும்தான். இன்று இரண்டும் இல்லை.

"அம்மிணி, பேங்க்ல பத்திரம் கேட்டாங்களாமா?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்கத் தேவையில்லை.

"கேட்டாங்ணா."

"எழுதிக் குடுத்தர்லாம். பதினஞ்சு வருசம் போதுமா?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் நான்கு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "பத்திரம் என்னத்துக்கு அம்மிணி, நான் ஓடியா போயிருவேன்" என்று சிரித்துவிட்டுப் போனவர்.

பிறகுதான் விஷயம் வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மூன்றரை ஏக்கர் மேட்டுக்காடு. மாரக்காள் முருங்கை வைத்திருக்கிற காடு. சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று அதை இருபத்தேழு வருடத்துக்குக் கேட்கிறது.

"வில்லங்கம் இருக்கப்படாது, குத்தகைக்காரங்கன்னு ஒருத்தரும் இருக்கப்படாதுங்கறாங்க. மாரக்காளைக் காலி பண்ணச் சொன்னேன். அவ என்னடான்னா தாலுகா ஆபீஸ்ல போயி, நாந்தான் சாகுபடி பண்றேன், குத்தகைப் பதிவேட்டுல என் பேரை ஏத்துங்கன்னு மனுக் குடுத்துட்டா."

"பன்னெண்டு வருசமா அவதானுங்ணா பண்றா."

"யாரு இல்லீன்னா? கூலிக்குப் பண்றா. அப்படித்தான் சொல்லோணும்னு வக்கீல் சொல்றாரு." கொஞ்ச நேரம் வலைக்கூடத்தைப் பார்த்தார். "இலை உங்கிட்டத்தான வருது. கொள்முதல் சீட்டு யாரு பேர்ல போடற?"

"உங்க பேர்லதானுங்ணா."

"அதையே ஒரு கடுதாசியா எழுதிக் குடு. நடந்ததுக்கு மேல ஒண்ணும் எழுத வேண்டாம். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல பாரு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

19 ஜூன், திங்கள்

சீட்டு எப்படி அவர் பேருக்குப் போனது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் மூன்று வருடம் சீட்டே கிடையாது. இந்த மாதிரி டைரியில் எழுதுவதுதான். உரக்கடையில் வருடா வருடம் சும்மா கொடுப்பார்கள். யார் கொண்டுவந்தார், எத்தனை கிலோ, நிறம் எப்படி. அவ்வளவுதான். 2014இல் இயற்கை விவசாயச் சான்றிதழ் வாங்கினால்தான் வெளிநாட்டில் எடுப்பார்கள் என்று ஆனது. விவசாயிகளைக் குழுவாகச் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நிலப் பத்திரம் வேண்டும், சீட்டு அந்தப் பேரில் வேண்டும் என்றார்கள். குத்தகைக்காரரிடம் பத்திரம் ஏது? பட்டா யாரிடம் இருக்கிறதோ அவரை விவசாயி என்று எழுதிவிட்டேன். என் யோசனைதான். இருபத்து மூன்று காட்டில் பதினொன்று அப்படி.

இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குத்தகைக்காரரைக் காப்பாற்றத்தான் சட்டம் போட்டார்கள். பதிவேட்டில் பேர் ஏறிவிட்டால் அவரை லேசில் வெளியே அனுப்ப முடியாது. அதற்குப் பயந்து நிலத்துக்காரர் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்து இல்லாததால் குத்தகைக்காரருக்குப் பயிர்க்கடன் இல்லை, காப்பீடு இல்லை. சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் சென்னியப்பன் அண்ணன் பேரில் வந்தது. கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்கிற பயிர்க் கணக்கில் சாகுபடியாளர் என்று அவர் பேரையே எழுதுகிறார். நான் சீட்டை அவர் பேரில் போடுகிறேன். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு காகிதமும் ஒழுங்காக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், காட்டில் நிற்கிற ஆள் மட்டும் எதிலும் இல்லை.

சாயங்காலம் மாரக்காள் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். காடு முழுக்க இவள் பாடுதான்.

"அக்கா, சீட்டெல்லாம் ஒரு நகல் வேணுமுங்க. தாசில்தார் முன்னால காட்டோணும்."

"சீட்டு உன் பேர்ல இல்லியே மாரக்கா."

"தெரியுமுங்க. இலை எந்தக் காட்டுல இருந்து வந்துதுன்னாவது இருக்குமில்லீங்க. மிச்சத்தை நீங்க வாயில சொன்னாப் போதும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

21 ஜூன், புதன்

நேற்றைய பக்கத்தில் காபி கொட்டிவிட்டது. கிழித்துப் போட்டேன். முக்கியமாக ஒன்றும் இல்லை.

இலை மொத்தம் 640 கிலோ. நிறம் நன்று.

28 ஜூன், புதன்

பத்திரம் எழுதுகிறவர் குத்தகை வரைவை அனுப்பினார். பதினைந்து வருடம், கூடமும் அதைச் சுற்றி நாற்பது சென்ட் இடமும். நான்கு எல்லையும் சரியாகப் போட்டிருக்கிறார். வங்கி மேலாளரிடம் காட்டினேன். "இது போதும் மேடம், பதிவாயிட்டா ஒரே வாரம்" என்றார். தாலுகா விசாரணை முடிந்த மறுநாள் பதிவு என்று சென்னியப்பன் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

மாரக்காள் 96 கிலோ. எடை போட்டதும் டீ குடிக்காமல் போய்விட்டாள். வெயிலுக்கு முன் போக வேண்டியிருந்திருக்கும்.

30 ஜூன், வெள்ளி

மாரக்காள் 101. டீ வேண்டாம் என்றாள். ஆறரை மணிக்கு என்ன வெயில்.

4 ஜூலை, செவ்வாய்

சான்றிதழ் நிறுவனத்திலிருந்து வருடாந்திர ஆய்வு. ஆய்வாளர் பிரிசில்லா, மதுரைக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடக்கிற ஆய்வாளரை இப்போதுதான் பார்க்கிறேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காடு காடாகப் போனோம். பதினாலாவது காட்டில் மாரக்காள் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காட்டோட விவசாயி சென்னியப்பன்னு இருக்கு. அவர் எங்கம்மா?" என்று பிரிசில்லா அவளிடம் கேட்டார்.

மாரக்காள் அரிவாளை இறக்கவில்லை. "திருப்பூர்ல பனியன் தைச்சிட்டு இருக்காருங்க."

"இங்க வருவாரா?"

"மரத்தை எண்ணறதுக்கு ஒருக்கா வந்தாருங்க. வெட்டறதுக்கு எத்தனை ஆள் வேணும்னு பாக்க."

பிரிசில்லா மருந்து அடிப்பதுண்டா, என்ன உரம், வேலிப் பக்கம் அடுத்த காட்டிலிருந்து காற்றில் மருந்து வருமா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மாரக்காள் நின்ற இடத்திலிருந்து பதில் சொன்னாள். எந்த வரிசையில் எந்த வருடம் வேர் அழுகியது என்பதுவரை. நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பிரிசில்லா சொன்னார்: "அம்மா, நான் பாக்கற குழுவுல பாதி இப்படித்தான் இருக்கு. பட்டியல்ல இருக்கறவங்க காட்டுல இல்ல, காட்டுல இருக்கறவங்க பட்டியல்ல இல்ல. உங்க பொடியில நஞ்சு இல்லைன்னு ஆய்வகம் சொல்லும். யார் விளைவிச்சதுன்னு நீங்கதான் சொல்லணும். முப்பது நாள் தர்றேன், விளக்கம் எழுதிக் குடுங்க."

"எழுத்துல குத்தகை இல்லாதவங்களை எப்படிம்மா பட்டியல்ல போடறது?"

"எழுத்து இல்லாட்டி வேற ஆதாரம் காட்டுங்க. அதைக்கூட எடுத்துக்கலாம்னு விதி இருக்கு. யாருமே காட்டினதில்ல, அவ்வளவுதான்."

17 ஜூலை, திங்கள். ஆடி 1

காலையில் திருப்பூர் போய்ச் சென்னியப்பன் அண்ணனிடம் தட்டை நீட்டினேன். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பத்தாவது ஆடி. "இனிமே உனக்கு இது வேண்டாம் அம்மிணி, பத்திரமே வருதே" என்றார்.

மதியம் கூடத்துக்கு வந்தால் மாரக்காள் உட்கார்ந்திருந்தாள். தராசுத் தட்டின் மேல் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, வாடிப்போய்.

"உங்களுக்கு முந்தின பஸ்ஸுல நானும் போனனுங்க. கேட்டுலயே நிக்க வெச்சுட்டாங்க. நீங்க உள்ள போனதையும் பாத்தேன், வந்ததையும் பாத்தேன்."

கேட்டில் அவளை நான் கவனிக்கவில்லை. அதைச் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

"கடுதாசி குடுத்துட்டீங்களாமா அக்கா."

"யாரு சொன்னா?"

"அவரோட வக்கீலய்யா எங்க வக்கீலுக்கு ஒரு நகல் குடுக்கோணுமில்லீங்க. சட்டமாம். எங்காளு படிச்சுக் காட்டுனாரு. 'மேற்படி இலை யாவும் திரு. சென்னியப்பன் அவர்களிடமிருந்தே கொள்முதல் செய்யப்பட்டது.' யாவும்னு போட்டிருக்கீங்க."

"சீட்டுல இருக்கறதைத்தான் எழுதினேன்."

"ஆமாங்க. சீட்டையும் நீங்கதான எழுதுனீங்க." தட்டை எடுத்துக்கொண்டாள். "பன்னெண்டு வருசமா எங்கிட்ட நீங்க எடையில ஒரு கிலோ ஏமாத்துனதில்ல. அதனாலதான் என் பேர் இல்லாத சீட்டுக்கும் ஒத்துக்கிட்டனுங்க."

வெற்றிலையை மாட்டுக்குப் போடுவாள் என்று நினைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

18 ஜூலை, செவ்வாய்

மாரக்காள் இலை வரவில்லை.

20 ஜூலை, வியாழன்

பிரிசில்லாவுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பழைய டைரிகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். 2011 முதல் பன்னிரண்டு. கறையானுக்கு வேப்பிலை போட்டு வைத்திருந்தது தூளாகக் கொட்டியது.

2011 செப்டம்பர் 3: மாரக்காள் முதல் பறி, 22 கிலோ, இளசு. 2012 முழுக்க அவள் பேர். 2014இல் சீட்டு வந்த பிறகு டைரியில் நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பழக்கம். சீட்டில் சென்னியப்பன், அதே நாள் டைரியில் மாரக்காள். இந்த வருடம் போன வாரம் வரைக்கும் அதே கதைதான். அச்சடித்த தேதிக்குக் கீழே, என் கையெழுத்தில்.

சரக்கு யாருடையது என்று எனக்குத் தெரியாத ஒரு நாள்கூட இருந்ததில்லை.

பிறகு இது. 2014 ஆகஸ்ட் 7: "மாரக்காள் சீட்டில் தன் பேர் போடச் சொன்னாள். முடியாது, சான்றிதழ் போய்விடும் என்றேன். கோபித்துக்கொண்டு போனாள். 31 கிலோ."

இந்த வரியை எழுதியது நினைவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் அவளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. குத்தகைக்காரி என்று எனக்குத் தெரியும், அவளே உரிமை கேட்டிருக்கிறாள், நான் மறுத்திருக்கிறேன். மூன்றும் ஒரே வரியில் இருக்கிறது. எனக்கு இதைவிட மோசமான சாட்சியும் கிடையாது.

24 ஜூலை, திங்கள்

திருப்பூர் போனேன். கம்பெனி மாடியில் சென்னியப்பன் அண்ணன் தனியாக இருந்தார். கடிதத்தைத் திரும்பக் கேட்டேன்.

"அது வக்கீல்கிட்ட இருக்குது. என்னாச்சு உனக்கு?"

"யாவும்னு எழுதிட்டனுங்ணா. அது சரியில்ல. மாரக்காளுக்கு அஞ்சு வருசத்துக்காவது எழுதிக் குடுத்துடுங்க. சோலார்க்காரங்களுக்குக் கெழக்கால இருக்கற காட்டைக் குடுக்கலாமில்ல. அது சும்மாத்தான கெடக்குது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அம்மிணி, எங்கப்பா ஒருத்தருக்கு ரெண்டு ஏக்கரை எழுத்துல குடுத்தாரு. நல்ல மனசுலதான் குடுத்தாரு. திரும்பக் கேட்டப்பப் பத்தொம்பது வருசம் கோர்ட்டுக்கு நடந்தாரு. தீர்ப்பு வர்றப்ப அவரு இல்ல. சாகறப்ப எங்கிட்ட நெலத்தைப் பத்தி வேற ஒண்ணுஞ் சொல்லல. எழுதாதேன்னு மட்டுந்தான் சொன்னாரு."

"எனக்கு மட்டும் எழுதித் தர்றீங்களே?"

"நீ வெவசாயம் பண்றவ இல்லியே. கூடத்துக்கு அந்தச் சட்டம் இல்ல. பதினஞ்சு வருசம் முடிஞ்சா நீ போயாகோணும். வக்கீலைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

அதையும் பார்த்து வைத்திருக்கிறார். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் பார்த்திருப்பேன்.

"அப்ப நான் தாசில்தார் முன்னால வேற மாதிரி சொல்லோணும்ங்ணா. பழைய டைரியெல்லாம் இருக்குது."

மேசை மேலிருந்த பேனாவை மூடி வைத்தார். கீழே தையல் மெஷின் சத்தம் மட்டும்.

"சொல்லிக்கோ. பத்திரம் கெடையாது. ஆனா இந்த ஆடிக்கு உன் வெத்தலையை வாங்கிட்டேன். அதனால ஒரு வருசம் இருந்துக்கலாம். அடுத்த ஆடிக்குத் தட்டைத் தூக்கிட்டு வராத."

படியிறங்கும்போது ஒன்று தோன்றியது. பத்திரத்தை ஒரு நிமிடத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார். வாங்கின வெற்றிலையைத் திரும்பக் கொடுக்க அவரால் முடியவில்லை. அந்த மேலாளரின் ஃபைலில் வைக்க முடியாதது இதுதான்.

25 ஜூலை, செவ்வாய்

ஜூன் 20ஆம் தேதிப் பக்கத்தில் காபி கொட்டவில்லை. நான் காலையில் காபி குடிப்பதே இல்லை.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததை ஞாபகம் இருக்கிறவரை இங்கே எழுதுகிறேன். "கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினைந்து வருடம் கிடைக்கிறது. மாரக்காள் எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்வாள், கைகாரி. மரம் போனால் போகட்டும், இலைக்கு வேறு ஆள் இருக்கிறது." அடுத்த நாள் காலை அவளே இலையோடு வந்தாள், 110 கிலோ, தளர்வாகக் கட்டி. அவள் போன பிறகு கிழித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு யாருக்குப் பயந்து கிழித்தேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

29 ஜூலை, சனி

பிரிசில்லாவுக்கு விளக்கம் அனுப்பிவிட்டேன். பதினொரு காட்டிலும் உண்மையில் யார் என்று எழுதி, டைரிப் பக்கங்களின் நகலோடு. போனில் கூப்பிட்டார். இந்தப் பருவத்துக்கு அந்தப் பதினொரு காட்டு இலையைச் சான்றிதழ் இல்லாமல்தான் விற்க வேண்டியிருக்கும், மறு ஆய்வுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஜெர்மனிக்கு இந்தத் தடவை பாதிச் சரக்குதான்.

அதற்குள் செய்தி பரவி, நிலத்துக்காரர்கள் நான்கு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "என்னம்மா, எங்க காட்டுலயும் பேரை மாத்தறியாமா?" மூன்று பேர் இனிமேல் எங்கள் காட்டு இலை உன்னிடம் வராது என்றார்கள். நான்காவது ஆள், வயசானவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுனா எத்தனை வருசத்துக்குள்ள திருப்பித் தரணும்னு ஒரு கண்டிசன் போட முடியுமா?" என்று கேட்டார். போட்டுப் பார்க்கலாம் என்றேன். நான்கு பேரில் ஒருவர் கேட்கிறார். வியாபாரத்தில் நான் இதைவிடக் குறைவாக வைத்துத் தொடங்கியிருக்கிறேன்.

மாரக்காள் வீட்டுக்குப் போய், சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். "சரிங்க" என்றாள். டீ போடவில்லை.

1 ஆகஸ்ட், செவ்வாய்

மாரக்காள் இலை வந்தது. 94 கிலோ.

2 ஆகஸ்ட், புதன்

தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொன்றரை ஆகிறது. பத்துக்கு வரச் சொன்னார்கள்.

காலையில் கிளம்பும் முன் எடை போட்டுவிட்டு வந்தேன். மாரக்காள், 88 கிலோ. சீட்டில் விவசாயி பெயர் என்ற இடத்தில் மாரக்காள் என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். நேராகத் திருப்பிக் கொடுத்தேன். "இதுல எது என் பேருங்க?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

டைரி பன்னிரண்டையும் இலைச் சாக்கில் போட்டு எடுத்து வந்தோம். அவள்தான் தூக்கினாள். நான் வாயைக் கயிற்றால் இறுக்கக் கட்டப் போனபோது, "அமுக்கிக் கட்டாதீங்க, சூடாயிரும்" என்றாள். இந்த ஒரு மாதத்தில் அவள் என்னோடு பேசிய முதல் வேடிக்கை.

குமாஸ்தா வந்து பார்த்தார். நகல் செல்லாது, அசல் வேண்டும், விசாரணை முடியும்வரை கோப்பில்தான் இருக்கும் என்றார். "இந்த வருசத்து டைரியும் இருக்கா?" இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிற இதைத்தான் கேட்கிறார். ஐந்து நிமிடம் தருகிறேன் என்றார். இதில் ஜூன் 17 இருக்கிறது, காபி இருக்கிறது, ஜூலை 25 இருக்கிறது. சென்னியப்பன் அண்ணனின் வக்கீல் ஒவ்வொரு வரியாகப் படித்துக் குறுக்கு விசாரணை பண்ணுவார். படிக்கட்டும். ஒரு பக்கம் கிழித்ததே போதும்.

உள்ளே என்ன தீர்ப்பாகும் என்று தெரியாது. சென்னியப்பன் அண்ணன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வரும்போது வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார்.

மாரக்காள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னைப் பத்தி அதுல என்னதான் எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சாக்கிலிருந்து 2014ஐ எடுத்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அது உள்ளே போகக் கூடாது என்று தோன்றியது.

கேட்டுவிட்டு அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கோவிச்சுக்கலீங்க அக்கா."

"பின்னே?"

"அழுதுட்டுப் போனேன். நீங்க தராசைப் பாத்துட்டிருந்தீங்க." பிறகு சொன்னாள்: "உள்ள குடுக்கறதுக்கு முன்னால அதையும் சரியா எழுதிக்கோங்க."

எழுதுகிறேன்.

திருத்தம். 2014 ஆகஸ்ட் 7ஆம் தேதிப் பக்கத்தில் "கோபித்துக்கொண்டு போனாள்" என்று இருப்பது தவறு. மாரக்காள் அழுதுகொண்டு போனாள். துளசிமணி.

கூப்பிடுகிறார்கள்.